தூத்துக்குடியா, மங்களூரா, கொச்சியா? மீன்வளம் படிக்க எந்த ஊர் நல்லது?

அமராவதி_17
நவம்பர் 9, இரவு 8.12

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கரூர் பக்கம். பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. நீட் எழுதுவேன், ஆனால் மனசு அங்கே இல்லை. மீன்வள இளங்கலைப் பட்டமான பி.எஃப்.எஸ்சி. படிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "மீன் படிப்பா?" என்று வீட்டில் சிரித்த காலம் போய், "சரி, எந்த ஊர்?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

பெரியப்பா தோட்டத்துக் கிணற்றில் நீந்தப் பழகியவள் நான். போன வருடம் கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் படி இறங்கி ஏறியதில் மலைப் பைத்தியமும் பிடித்துக்கொண்டது. நான்கு வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டல் கட்டிலில் போன் பார்த்துக்கொண்டு கிடக்க விருப்பமில்லை. டைவிங், கயாக், மலையேற்றம் என ஏதாவது வேண்டும். பட்டியலில் மூன்று ஊர்கள்: தூத்துக்குடி, மங்களூர், கொச்சி. படித்தவர்கள், அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள். கல்லூரியைப் பற்றி விவரக் கையேடு சொல்லிவிடும். ஊர் எப்படி இருக்கும் என்றுதான் தெரியவில்லை.

சேலம்_அப்பா
நவம்பர் 9, இரவு 9.05

தவறாக எடுத்துக்கொள்ளாதேம்மா. படிக்கப் போகிறாயா, சுற்றுலா போகிறாயா? என் மகனும் இப்படித்தான் மலை, பைக் என்று ஊரைத் தேர்ந்தெடுத்தான். மூன்று அரியர். கல்லூரி, கட்டணம், வேலை வாய்ப்பு, இந்த மூன்றைப் பார். கடல் எங்கேயும் ஓடிவிடாது.

உப்புக்காத்து
நவம்பர் 9, இரவு 11.40

சேலம் சார் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் தூத்துக்குடியில் படித்தவன். இப்போது மரக்காணம் பக்கம் ஒரு இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை.

தங்கச்சி, முதலில் ஒரு கற்பனையை உடைக்கிறேன். பி.எஃப்.எஸ்சி. என்றால் நான்கு வருடம் கடலுக்குள் முங்கிக் கிடப்பது இல்லை. குளத்து மண் பரிசோதனை, தீவனம் தயாரிப்பு, மீன் நோய், பதப்படுத்துதல், வலை பின்னும் நூலின் தடிமன், பொருளாதாரம் எல்லாம் வரும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து குளத்தில் நீர் எடுத்த நாட்கள்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன. இரவு முழுக்கப் பாசியும் மீனும் ஆக்ஸிஜனை இழுத்துவிடுவதால், சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் நீரில் அது மிகக் குறைவாக இருக்கும். குளத்தில் மீன் செத்து மிதப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. இருட்டில் முழங்கால் சேற்றில் நின்று அளந்து பார்த்தால் மறக்கவே மறக்காது.

இப்போது ஊர். தூத்துக்குடிக் கல்லூரி 1977இல் தொடங்கியது. இப்போது நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில், நீட் தேவையில்லை. தருவைகுளத்தில் கடல்மீன் வளர்ப்புப் பண்ணை இருக்கிறது. திரேஸ்புரத்தில் வள்ளம் வந்து இறங்கும். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் இருட்டோடு போய் அன்று இரவே திரும்பிவிடும். அதனால் இங்கே பெரிய ஏலம் இரவில். ஊளி, விளமீன், சீலா, பாறை என்று இனம் பிரித்துச் சொல்ல நான் கற்றது வகுப்பறையில் பாதி, அந்த ஏலக் கூடத்தின் ஈரத் தரையில் பாதி. உன் ஞாயிற்றுக்கிழமையை விட உன் செவ்வாய்க்கிழமை மாலை எங்கே கழியும் என்று பார். பஸ்ஸில் இருபது நிமிடத்தில் துறைமுகம் இருக்கிற ஊரில் படித்தவனுக்கும், வருடத்துக்கு இரண்டு முறை கல்லூரி வேனில் துறைமுகம் பார்த்தவனுக்கும் வித்தியாசம் வேலையில் சேர்ந்த முதல் மாதமே தெரியும்.

டைவிங் என்கிறாயே, அதில்தான் சிக்கல். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், பவளப்பாறை, எல்லாம் கண்ணுக்கெதிரே. ஆனால் அது 1986 முதல் தேசியப் பூங்கா. நினைத்த நேரத்தில் முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்க முடியாது. ஆராய்ச்சிக்கே வனத்துறை அனுமதி வேண்டும். இனிப்புக் கடைக்கு எதிரில் சர்க்கரை நோயாளி வீடு கட்டின கதை.

கங்கனாடி_மீன்
நவம்பர் 10, காலை 7.20

உப்புக்காத்து அண்ணா குளத்துச் சேற்றைப் பற்றிச் சொன்னதும் கால் அரிக்கிறது.

நான் மங்களூர். 1969இல் தொடங்கியது, இந்தியாவின் முதல் மீன்வளக் கல்லூரி. என்னை மாதிரி தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அங்கே போக வழி ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) ஒதுக்கீடு, அதற்கு கியூட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கர்நாடகாவின் சொந்த நுழைவுத் தேர்வு அந்த மாநிலப் பிள்ளைகளுக்கானது. நீட்டுக்குப் படிக்கிறேன் என்று கியூட் விண்ணப்பத்தை விட்டுவிட்டால் மங்களூர் உன் பட்டியலிலிருந்து தானாகவே போய்விடும். இதை முதலில் குறித்துக்கொள்.

சரி, ஊருக்கு வருவோம். வெளியே சுற்றுவதை வைத்துப் பார்த்தால் நீ சொன்ன மூன்றில் மங்களூருக்குத்தான் என் ஓட்டு. ஊருக்குள்ளேயே நேத்திராவதி, குருபுரா என்று இரண்டு ஆறுகள் கடலில் கலக்கின்றன. வடக்கே முப்பது கிலோமீட்டர் போனால் முல்கி. இந்தியாவில் அலைச்சறுக்கு வேர் பிடித்த இடங்களில் அதுவும் ஒன்று. பக்கத்தில் சசிஹித்லு கடற்கரை. நான் முதல் வருடம் முழுக்கப் பலகை மேல் நிற்க முடியாமல் விழுந்தேன். இரண்டாம் வருடம் நின்றேன். மூன்றாம் வருடம் விழுவதும் சுகமாகிவிட்டது. மேற்கே கடல் என்றால் கிழக்கே மலை. 1,892 மீட்டர் உயரக் குதிரேமுக் அங்கேதான். ஒரு இரவு தங்கி ஏறி இறங்கிவிடலாம், ஆனால் ஆன்லைனில் முன்பதிவு செய்யாமல் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டைவிங்குக்கு முருடேஷ்வர் போய் அங்கிருந்து படகில் நேத்ராணி தீவு.

இனிக்கிற பக்கம் இவ்வளவு. கசக்கிற பக்கம் மழை. ஜூனில் ஆரம்பித்தால் செப்டம்பர் வரை விடாது. துணி காயாது, செருப்பில் பூஞ்சை, நோட்டுப் புத்தகம் அலை அலையாக வளையும். கடலில் இறங்கவே கூடாது. மலையில் அட்டை. மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடையும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக வருடத்தில் நான்கு மாதம் நீ நினைக்கிற மங்களூர் இருக்காது. கூகுளில் வருகிற படம் எல்லாம் டிசம்பரில் எடுத்தது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். நீர்தோசையும் மீன் கஸ்ஸியும் கிடைக்கும் இடத்தில் யாரும் இளைத்ததில்லை. மொழிதான், கன்னடம் கற்றுக்கொண்டு போனால் கடைக்காரர் துளுவில் பேசுவார்.

அமராவதி_17
நவம்பர் 10, மாலை 5.50

அக்கா, கியூட் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. பெரிய உதவி. உப்புக்காத்து அண்ணா, தூத்துக்குடியில் அப்போது டைவிங்கே கிடையாதா? வேறு என்னதான் செய்தீர்கள்?

கொச்சிக்காயல்
நவம்பர் 10, இரவு 7.15

கொச்சியில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன், மீன்வளம் படித்தவன் இல்லை. அதனால் சுருக்கமாக. பனங்காட்டில் உள்ள கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தில் பி.எஃப்.எஸ்சி. சேர்க்கை நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். எப்படியும் எழுதப் போகிறாய் என்பதால் அந்தக் கதவும் திறந்திருக்கட்டும்.

இந்த ஊரின் பலம் நிறுவனங்கள். மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் பிறந்தது, மண்டபத்தில் இருந்த தலைமையிடம் பிறகு இங்கே வந்துவிட்டது. மீன் பதப்படுத்துதல், வலைத் தொழில்நுட்பத்துக்கான மத்திய நிறுவனமும் இங்கேதான். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (குசாட்) கடல் அறிவியல் பள்ளி நகரத்துக்குள் காயல் ஓரம். மேற்படிப்பு, ஆராய்ச்சி என்று யோசித்தால் நடந்து போகிற தூரத்தில் ஆட்கள் கிடைப்பார்கள். கடமக்குடி பக்கம் காயலில் கயாக் விடலாம், வாட்டர் மெட்ரோவில் டிக்கெட் எடுத்தால் படகுச் சவாரி. மூணாறு நான்கு மணி நேரம். ஆனால் இது பெருநகரம். வாடகையும் நெரிசலும் அதற்கேற்ப.

உப்புக்காத்து
நவம்பர் 10, இரவு 10.30

என்ன செய்தேன் என்று கேட்டாயே. முதல் வருடம் நான் செய்த சாகசம் வாந்தி. படகுப் பயிற்சிக்குப் போனோம். வெறும் வயிற்றில் போனால் வராது என்று எவனோ சொல்ல, நம்பிப் போனேன். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் ஆரம்பித்தது, கரை தொடும் வரை நிற்கவில்லை. படகில் இருந்த பெரியவர் ஒருவர் இரண்டு இட்லியைக் கையில் கொடுத்து, "கீழே பார்க்காதே, தூரத்து அடிவானத்தைப் பார்" என்றார். இன்றைக்கும் எனக்கு அதுதான் மருந்து.

மற்றபடி வாரக் கடைசிக்கு மேற்கே போவோம். பாபநாசம், மணிமுத்தாறு, குற்றாலம் எல்லாம் காலையில் கிளம்பினால் இரவில் திரும்பும் தூரம். அப்போது மலைப்பாதைக்கு அனுமதி வாங்குவது பெரும்பாடு. 2018 குரங்கணித் தீவிபத்துக்குப் பிறகு இன்னும் இறுகியது. இப்போது வனத்துறையே 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டியுடன் ஆன்லைனில் பதிவு செய்ய வைத்திருக்கிறது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கமும் பாதைகள் உண்டு. எங்கள் காலத்தில் இது இல்லையே என்று வயிற்றெரிச்சல்.

மணப்பாட்டான்
நவம்பர் 11, காலை 6.02

தூத்துக்குடியில் விளையாட ஒன்றும் இல்லை என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். காற்று இருக்கிறதே! கச்சான் அடிக்கத் தொடங்கினால் மே முதல் செப்டம்பர் வரை ஓயாது. பட்டம் கட்டிப் பலகையில் போகிற கைட் சர்ஃபிங்குக்கு வெளிநாட்டுக்காரன் இந்தக் கரையைத் தேடி வருகிறான். எங்கள் மணப்பாட்டில் அலைச்சறுக்கும் உண்டு, தேரி எனும் செம்மணல் மேடும் உண்டு. பூங்கா எல்லைக்குள் போகாமலே கடலில் இருக்கலாம்.

ஆனால் ஒன்று. கிணற்றில் நீந்தியவர் கடலில் நீந்தத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். கிணற்று நீர் நின்ற இடத்தில் நிற்கும். கடலில் நீவாடு, அதாவது நீரோட்டம், இழுக்கும். மேலே அலை கரைக்கு வரும், கீழே நீர் வேறு பக்கம் போகும். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்குப் பக்கவாட்டில் போக வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லித்தான் அனுப்புவோம். என்ன காற்று, நீவாடு எந்தப் பக்கம் என்று கரையில் நிற்கிற கிழவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். செயலியில் பார்த்துவிட்டு இறங்கியவர்களைத் தூக்கி வந்திருக்கிறோம்.

சேலம்_அப்பா
நவம்பர் 11, காலை 9.30

இந்த மணப்பாட்டுத் தம்பி எழுதியதைப் படித்த பிறகு எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. பெற்றோரிடமும் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்.

வெள்ளாற்றுமுகம்
நவம்பர் 11, இரவு 9.48

பட்டியலில் இல்லாத ஊருக்காக வாதாட வந்திருக்கிறேன்: பரங்கிப்பேட்டை.

இப்போதைக்கு உனக்கு அது பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே இருப்பது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். நான் எம்.எஸ்சி.க்குப் போய், முனைவர் பட்டம் முடிக்கும் வரை ஏழு வருடம் இருந்தேன். ஊரென்று சொல்ல ஒரு கடைத்தெரு, பள்ளிவாசல்கள், கலங்கரை விளக்கம், மீன் சந்தை. ஒன்பது மணிக்கு ஊர் அடங்கிவிடும். சினிமாவுக்குச் சிதம்பரம் போக வேண்டும். 1781இல் ஹைதர் அலி ஆங்கிலேயரோடு மோதிய இடம் என்று சொன்னால் ஊர்க்காரர்களே "அப்படியா" என்பார்கள்.

ஆனால் ஆய்வகத்திலிருந்து பார்த்தால் வெள்ளாறு கடலில் சேரும் முகம் தெரியும். ஏற்றத்தில் உப்பு நீர் உள்ளே வரும், வற்றத்தில் நன்னீர் வெளியே போகும். ஒரே நாளில் ஒரே படித்துறையில் நின்று இரண்டு வேறு நீரில் மாதிரி எடுக்கலாம். பேராசிரியர் ஆர்.வி. சேஷையா அந்த இடத்தில் நிலையத்தை அமைத்தது சும்மாவா? கொஞ்சம் தெற்கே போனால் பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. சுற்றுலாப் படகில் ஒரு மணி நேரம் போகிறவருக்கு அது பச்சைச் சுரங்கம். மாதா மாதம் நண்டு வளை எண்ணப் போன எனக்கு அது அலுவலகம். கொசுக்கடியோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எனக்கு நீச்சல் அடிப்பதற்கும் ஆராய்ச்சிக்கும் இடையில் கோடு எங்கே என்று கடைசிவரை தெரியவில்லை. சேலம் சாருக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். நீரில் சௌகரியமாக இருக்கத் தெரியாத மாணவர் கரையில் நின்றே மாதிரி எடுப்பார். கரையோரம் எடுத்த மாதிரியை வைத்துக் கழிமுகம் முழுவதையும் பற்றி எழுதுவார். அப்படி எழுதப்பட்ட ஆய்வேடுகளை நான் திருத்தியிருக்கிறேன்.

கங்கனாடி_மீன்
நவம்பர் 12, காலை 8.05

வெள்ளாறு அண்ணாவுக்கு ஒரு வணக்கம். ஆனால் தங்கை இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீன்வளமும் கடல் உயிரியலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போல இருக்கும், பாதை வேறு. பி.எஃப்.எஸ்சி. முடித்தவர் பின்னால் கடல் உயிரியலுக்குப் போக நினைத்தால் வழி தேடிக்கொள்ளலாம். விலங்கியலோ கடல் உயிரியலோ படித்துவிட்டு ஐ.சி.ஏ.ஆர். வழியில் மீன்வள முதுகலையான எம்.எஃப்.எஸ்சி. போக நினைத்தால், பி.எஃப்.எஸ்சி. எங்கே என்று கேட்பார்கள். அதனால் இளங்கலையில் ஊருக்காகப் பட்டத்தை மாற்றாதே.

டைவிங் ஆசையை அடக்கவும் வேண்டாம், அதற்காக ஊரைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். தொடக்கச் சான்றிதழ் நான்கு நாள் வேலை, 18 மீட்டர் ஆழம் வரை அனுமதி. நான் அந்தமான் போய்த்தான் வாங்கினேன். விடுமுறையில் போய் முடித்துவிட்டு வரலாம். அங்கேயே கிடக்க ஆசை என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போர்ட் பிளேரில் கடல் உயிரியல் எம்.எஸ்சி. நடத்துகிறது. அது நான்கு வருடம் கழித்து வரவேண்டிய தலைவலி.

அமராவதி_17
நவம்பர் 12, இரவு 8.40

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இழையை அப்பாவிடம் காட்டினேன். வாந்திக் கதையைப் படித்துச் சிரித்தார், மணப்பாட்டு அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு அமைதியாகிவிட்டார். பொங்கல் விடுமுறையில் தூத்துக்குடி, மங்களூர் என்று இரண்டு ஊரையாவது நேரில் பார்க்கலாம் என்கிறார். கரூரிலிருந்து இரண்டுக்குமே நேர் ரயில் இருக்கிறது. போய் எதைப் பார்க்க வேண்டும்?

உப்புக்காத்து
நவம்பர் 12, இரவு 11.15

கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காதே, எல்லாக் கட்டடமும் ஒரே மஞ்சள் பெயின்ட். ஹாஸ்டல் வாசலில் நின்று, துறைமுகத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேள். பெண்கள் விடுதிக் கதவு எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று கேள், ஏலம் இரவில் என்றால் அது முக்கியம். மூன்றாம் வருட மாணவிகள் யாரையாவது பிடித்து, கடைசியாக எப்போது கடலில் இறங்கினாய் என்று கேள். பதில் சொல்ல யோசித்தால் புரிந்துகொள்.

ஜனவரியில் போகிறாய் என்பதையும் நினைவில் வை. மங்களூருக்கு அது கல்யாண மேக்கப். தூத்துக்குடிக்கும் வெயில் தணிந்த மாதம். மே மாதத் தூத்துக்குடியை நீ பார்க்கப் போவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, துறைமுகம் வெறிச்சோடிக் கிடக்கும், உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும்.

அமராவதி_17
ஜனவரி 19, மாலை 6.30

போய்வந்தோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மங்களூர் முதலில். அழகு, சந்தேகமே இல்லை. முல்கியில் என் வயதுப் பெண்கள் பலகையைத் தலையில் சுமந்துகொண்டு மணலில் நடந்ததைப் பார்த்தபோது அங்கேயே தங்கிவிடலாம் போலிருந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் நின்ற படகுகள் பலவும் நாள்கணக்கில் தங்கிப் பிடிக்கப் போகிறவை என்றார்கள். அக்கா, நீங்கள் சொன்ன பூஞ்சையைப் பற்றி ஹாஸ்டலில் கேட்டேன். ஒரு மாணவி பதில் சொல்லாமல் தன் பெல்ட்டை எடுத்துக் காட்டினாள்.

தூத்துக்குடியில் இரவு ஒன்பதரைக்கு அப்பாவோடு துறைமுகம் போனேன். விளக்கு வெளிச்சத்தில் படகு படகாக வந்து நிற்கிறது, கூடை கூடையாக இறங்குகிறது, விலை கூவுவது எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கல்லூரி மாணவிகள் இரண்டு பேர் அளவுப் பலகை வைத்துக்கொண்டு மீன் நீளம் எழுதிக்கொண்டிருந்தார்கள், கூடவே ஒரு பேராசிரியை. ப்ராஜெக்டாம், அனுமதி வாங்கி வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி என்னிடம் பென்சிலைக் கொடுத்து, "நான் சொல்கிறேன், நீ எழுது" என்றாள். நாற்பது மீன் எழுதினேன். அப்பா ஏலக்காரர் ஒருவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "செருப்பு வழுக்குது, வேற வாங்கணும் உனக்கு."

வரிசை இப்படி வைத்திருக்கிறேன். முதலில் தூத்துக்குடி. கியூட்டும் எழுதுவேன், மங்களூர் கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பேசுவோம். கொச்சி மேற்படிப்புக்கு. பரங்கிப்பேட்டைக்கு ஒரு நாள் வந்து அந்தப் படித்துறையில் நிற்பேன், வெள்ளாறு அண்ணா.

சேலம்_அப்பா
ஜனவரி 19, இரவு 8.10

டீ குடித்த அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லம்மா. என் மகன் அரியர் எல்லாம் முடித்துவிட்டான். இப்போதும் மலைக்குத்தான் போகிறான்.

மணப்பாட்டான்
ஜனவரி 19, இரவு 9.00

செருப்பு வேண்டாம். துறைமுகத்தில் கம்பூட்ஸ்தான் நிற்கும். கணுக்காலுக்கு மேலே வருகிற மாதிரி வாங்குங்கள். பரீட்சை முடிந்ததும் ஊருக்கு வாருங்கள், கச்சான் எழும்புவதற்கு முன் மிதக்கக் கற்றுக்கொடுக்க அக்கா இருக்கிறாள்.